விசாப் பிள்ளையாரும் இங்கிலீஷ் படிப்பும்

அயல்நாட்டுச் சர்வகலாசாலைக்குப் போய்ப் படிப்பது என்பது இன்று மிராசுதார் பிள்ளைகளுக்கும், ஐகோர்ட்டு வக்கீல் பிள்ளைகளுக்கும் மட்டும் உரிய காரியமாக இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலையண்டை நின்று வேலை செய்கிற தொழிலாளியும், பொன்னேரிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடுகிற குடியானவரும், தம் மகனோ மகளோ அமெரிக்காவிலோ கனடாவிலோ போய்ப் படிக்க வேண்டுமென்று ஆசைப்படுகின்றார்கள். இந்த ஆசையைக் குறித்து நமக்கு அளவற்ற மகிழ்ச்சியே தவிர, சிறிதும் வருத்தம் கிடையாது. சூத்திரன் படிக்கக் கூடாது, பஞ்சமன் படிக்கக் கேட்கவும் கூடாது என்று எழுதி வைத்திருந்த நாட்டில், ஒரு கூலித் தொழிலாளியின் மகள் கப்பலையும் தாண்டி ஆகாய விமானத்தில் போய்ப் படிக்க நினைக்கிறாள் என்றால், அது நம் இயக்கத்தின் உழைப்பிற்குக் கிடைத்த பலனில் ஒரு பாகமேயாகும்.

ஆனால் இந்த ஆசையை முதலாக வைத்து இரண்டு கூட்டத்தார் கொள்ளையடிக்கக் கிளம்பியிருக்கின்றார்கள். ஒருவர் சாமியின் தரகர், மற்றொருவர் காலேஜ் தரகர். இவ்விருவரைப் பற்றியும், இவர்களுக்கு இரையாகும்படியாக நம் பிள்ளைகளை இங்கிலீஷ் தெரியாதவர்களாகவே வைத்திருக்கும் நம் கல்வி முறையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் சாமி விஷயத்தை எடுத்துக் கொள்ளுவோம். நமது ஜில்லாவில் சாமிகளுக்கு இலாகா பிரித்துக் கொடுத்திருக்கின்றார்கள். சொந்த வீடு வேண்டுமானால் சிறுவாபுரி முருகனிடம் ஆறு செவ்வாய்க்கிழமை போக வேண்டும். உடம்பு சரியில்லாவிட்டால் பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்கா போக வேண்டுமானால் இந்த இருவருக்கும் அதிகாரம் கிடையாது. சென்னைப் பழவந்தாங்கலில் இருக்கிற "விசாப் பிள்ளையாரிடம்" பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவரும் போதாதென்றால் ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் "விசா பாலாஜி" ஒருவர் இருக்கின்றார். அவரை வேண்டுதலுக்கு 11 தடவையும், காரியம் கைகூடினால் 108 தடவையும் சுற்றி வர வேண்டுமாம். சர்வ வல்லமையும் பொருந்திய கடவுள் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு ஒருவர், வியாதிக்கு ஒருவர், விசாவுக்கு ஒருவர் என்று தாலூகா ஆபீஸ் குமாஸ்தாக்களைப் போலப் பிரித்து வைத்திருப்பதே அந்த வல்லமையின் லட்சணத்தைக் காட்டவில்லையா என்று கேட்கின்றோம்.

இதில் மற்றொரு வேடிக்கை என்னவென்றால், கடல் கடந்து போவதே பாவமென்று சொன்னது இந்த மதந்தான். மனுதர்மத்தின் மூன்றாவது அத்தியாயத்தில், சிராத்தத்திற்கு அழைக்கத் தகாதவர்கள் ஜாபிதாவில், கடல் யாத்திரை செய்தவனையும் சேர்த்திருக்கின்றது. 1888இல் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் புறப்பட்டபோது அவருடைய மோத் பனியா ஜாதியார் அவரை ஜாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். 1914இல் கணித மேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போகவேண்டி வந்தபோது, அவர் வீட்டிலும் இதே தடைதான் குறுக்கே நின்றது. நாமக்கல் நாமகிரித் தாயார் சொப்பனத்தில் உத்தரவு கொடுத்த பிறகே அவர் புறப்பட்டதாக ஒரு கதையும் சொல்லப்படுகின்றது. சொப்பனம் இருக்கட்டும். ஹார்டி என்ற கணித ஆசிரியர் அங்கிருந்து அழைத்தார். நெவில் என்ற மற்றோர் ஆசிரியர் சென்னைக்கே வந்து பேசி அவர் மனதைத் திருப்பினார். சென்னைச் சர்வகலாசாலை வருஷத்திற்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அந்த 250 பவுன் இல்லாமல் சொப்பனம் மாத்திரம் இருந்திருந்தால் அவர் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டியிருப்பாரா?

ஆகவே, போகக் கூடாதென்று சொன்ன அதே மதம், போகிறவர்கள் ஏராளமாகி, கையில் பணமும் சேர்ந்துவிட்டது என்று கண்டவுடன், போவதற்கு உத்தரவு கொடுக்கும் சாமியையும் உற்பத்தி செய்துவிட்டது. இதைத்தான் நாம் புரட்டு என்கின்றோம்.

சரி, விசா என்பது உண்மையில் எப்படிக் கிடைக்கின்றது? அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் 1952இல் ஏற்பட்டது. அதன் 214வது பிரிவு, மாணாக்கராக வருகிறேன் என்று சொல்லுகிற ஒவ்வொருவரையும் நிரந்தரமாகக் குடியேற வருகிறவராகவே முதலில் எண்ணிக்கொள்ளச் சொல்லுகின்றது. அப்படியல்ல என்று காட்டவேண்டிய பொறுப்பு மாணாக்கருடையது. படிப்பு உண்மையான படிப்புத்தானா, பணம் எங்கிருந்து வருகின்றது, முடிந்தபின் ஊருக்குத் திரும்புவதற்கு என்ன காரணம் இருக்கின்றது என்பவைகளை மவுண்ட் ரோடில் உள்ள தூதரகத்து அதிகாரி சில நிமிஷங்களில் கேட்டு முடிவு செய்கின்றார். விண்ணப்பக் கட்டணம் 2023 முதல் 185 டாலர். மாணாக்கர் பதிவுக் கட்டணம் 2019 முதல் 350 டாலர். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. உண்டியலில் போட்டதும் திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தூதரகமும் பிள்ளையாரும் ஒன்று. ஆனால் தூதரகத்திற்குச் சட்டமும் காரணமும் உண்டு. பிள்ளையாருக்கு அதுவும் கிடையாது. கிடைத்தவர்கள் வந்து தேங்காய் உடைக்கின்றார்கள். கிடைக்காதவர்கள் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்து விடுகின்றார்கள். எண்ணிப் பார்ப்பவர் ஒருவருமில்லை. பிள்ளையாரின் கியாதி இப்படித்தான் வளருகின்றது.

இது நிற்க. இனிக் காலேஜ் தரகரைப் பார்ப்போம்.

சென்ற மாதம் கவரப்பேட்டையில் ஒரு கூட்டம் முடிந்தபின் தொழிலாளத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு தரகரின் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, பையனுக்கு இங்கிலீஷ் வராது. பரீட்சையில் மார்க்கும் இல்லை. அதனால் என்ன, நேராக அமெரிக்காவுக்கே போய் அங்குள்ள சர்வகலாசாலையிலேயே முதலில் இங்கிலீஷ் படிக்கலாம், படித்துக்கொண்டே வேலை செய்து கடனையும் அடைத்துவிடலாம் என்கிறார்கள். மனையை அடமானம் வைக்கலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் படிப்பு இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிற பாஷைக்காரர்களுக்கு இங்கிலீஷை மும்முரமாகச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இருக்கின்றன. மிச்சிகன் சர்வகலாசாலையில் 1941இல் சார்லஸ் பிரீஸ் என்ற பாஷை ஆராய்ச்சியாளர் ஏற்படுத்திய நிலையம் இவற்றிற்கெல்லாம் முன்னோடி. முதலில் ஒரு பரீட்சை வைத்து மாணாக்கரை அவரவர் தரத்திற்குத் தக்க வகுப்பில் சேர்ப்பார்கள். கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது, இலக்கணம் என்று பிரித்துத் தினம் பல மணி நேரம் பயிற்சி நடக்கும். விசா விதிப்படி, வகுப்புப் பாடமே பிரதானமான படிப்பாயிருந்தால் வாரத்திற்கு 18 மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. இது கௌரவக் குறைவான படிப்பல்ல. ஜப்பானியரும், சீனரும், அராபியரும், தென்னமெரிக்கரும் ஆயிரக்கணக்கில் இப்படிப் படித்திருக்கின்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சவூதி அரேபியா 2005இல் மன்னர் பெயரால் ஒரு திட்டம் போட்டு, சர்க்கார் பணத்திலேயே தன் பிள்ளைகளை அனுப்பியது. கும்மிடிப்பூண்டித் தகப்பனாரோ மனையை வைத்து அனுப்ப வேண்டும்.

அன்றியும் தரகர் சொல்லாமல் விட்ட சங்கதிகள் சில உண்டு. இந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் பட்டம் கிடையாது. அதை முடித்தால் பட்டப்படிப்பில் சேர்ப்போம் என்பது நிபந்தனையுள்ள வாக்கு. நிபந்தனை நிறைவேறாவிட்டால் வாக்கும் இல்லை. மாணாக்கர் விசாவில் முதல் வருஷம் வெளியில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சர்வகலாசாலைக்குள்ளேயே வேலை கிடைத்தால், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் செய்யலாம், அவ்வளவுதான். பட்டப்படிப்பு மாணாக்கர்களுக்குக் கிடைக்கிற தொழிற்பயிற்சி அனுமதி, இங்கிலீஷ் மட்டும் படிக்க வந்தவர்களுக்குச் சட்டப்படியே கிடையாது. ஆகையால் "வேலை செய்து கடனை அடைக்கலாம்" என்பது பச்சைப் பொய். மேலும், அனேக சர்வகலாசாலைகள் ஆள் சேர்த்துக் கொடுத்ததற்காகத் தரகருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. தகப்பனாரிடமும் வாங்கி, காலேஜிலும் வாங்குகிறவர் யாருக்கு வக்கீல் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

தரகர் வார்த்தையை வேதவாக்காக நம்பினவர்கள் கதி என்னவாயிற்று என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2011இல் கலிபோர்னியாவில் டிரை வேலி சர்வகலாசாலை என்ற ஒன்று புரட்டு என்று கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணாக்கர்கள். சிலருடைய கணுக்காலில் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் கருவியை மாட்டினார்கள். 2019இல் மிச்சிகனில் பார்மிங்டன் சர்வகலாசாலை என்ற விவகாரம் வெளிவந்தது. வகுப்பே இல்லாத அந்தச் சர்வகலாசாலையை அமெரிக்க அதிகாரிகளே பொறி வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். அதிலும் சிக்கியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பிள்ளைகளே. இங்கிலாந்தில் இங்கிலீஷ் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதை 2014இல் பி.பி.சி. வெளியிட்டது. உடனே 2011 முதல் எழுதப்பட்ட 58,000க்கு மேற்பட்ட பரீட்சைகளைச் சோதித்து, அவைகளில் நூற்றுக்கு 97 சந்தேகத்திற்குரியவை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் செய்தவர்களோடு, ஒழுங்காக எழுதியவர்களும் விசாவை இழந்து, வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். இவர்களுக்காக எந்தப் பிள்ளையாரும் சாட்சி சொல்ல வரவில்லை.

ஆகவே போகத்தான் வேண்டுமென்கிறவர்கள் கோயிலைச் சுற்றுகிற நேரத்தில் சில விஷயங்களை விசாரிக்கட்டும். இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஸ்தாபனம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 2010இல் தனிச் சட்டமே செய்திருக்கின்றார்கள். அங்கீகாரம் உண்டா? மாணாக்கரைச் சேர்க்க அனுமதி பெற்ற பள்ளிகளின் ஜாபிதாவில் அதன் பெயர் இருக்கின்றதா? வகுப்பு முடிந்தபின் பட்டப்படிப்புக்கு என்ன நிபந்தனை? பாதியில் நின்றால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பும்? இந்த நான்கையும் தரகரிடம் கேட்காமல் சர்வகலாசாலைக்கே நேராக எழுதிக் கேட்க வேண்டும். கேள்வி கேட்பதே பகுத்தறிவின் முதற்படி.

இனி மூலகாரணத்திற்கு வருவோம். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஒரு பாடமாக இருந்தும், நம் பிள்ளைக்கு நாலு வாக்கியம் தைரியமாகப் பேச வரவில்லை என்றால் அது யார் குற்றம்? பிள்ளையின் தலையெழுத்தா? ரத்தத்தில் இல்லையா? "அவாளுக்கு இங்கிலீஷ் பிறவியிலேயே வரும்" என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம். இது சுத்த மடமை. 1912இல் சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு மூன்று பேராயிருந்த பார்ப்பனர்கள் ஜில்லா முன்சீப்பு உத்தியோகத்தில் நூற்றுக்கு 72க்கு மேல் வைத்திருந்தார்கள் என்றால், அது பிறவியினால் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தின் வாசல் அவர்களுக்குத் திறந்திருந்தது. வெள்ளைக்காரன் பாஷையும் முதலில் அவர்கள் வீட்டுக்குள் போயிற்று. அவ்வளவுதான் ரகசியம்.

நம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கின்றது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரிஸ் காலேஜிலும், சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். வெளிநாட்டில் ஒரு நாள்கூட மாணாக்கராக இருந்ததில்லை. அவர் 1936இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அவருடைய வேதாந்தம் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் சரியான பள்ளியும் சரியான உபாத்தியாயரும் கிடைத்தால், உள்ளூரிலேயே இங்கிலீஷைக் கற்று இங்கிலீஷ்காரனுக்கே பாடம் சொல்லலாம் என்பதற்கு அவரைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்தப் பள்ளியும் உபாத்தியாயரும் திருத்தணிச் சேரியில் அதே வருஷம் பிறந்த ஒரு பிள்ளைக்கு எளிதில் கிடைத்திருக்குமா என்பதுதான் நமது கேள்வி.

பாஷை என்பது கைத்தொழில் போன்றது. லேத்து மிஷினில் நின்று பழகுகிறவனுக்கு லேத்து வேலை வருகிறது. பேசிப் பழகுகிறவனுக்குப் பேச்சு வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் 1943 முதல் சாதாரணச் சிப்பாய்களைச் சர்வகலாசாலைகளில் உட்கார வைத்து, ஜப்பான் பாஷை முதலியவைகளை மாதக்கணக்கில் இடைவிடாத பயிற்சியால் கற்பித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வந்த தோழர்களைப் பாருங்கள். வந்த சில மாதங்களில் கடையில் அரிசி வாங்கவும், மேஸ்திரியிடம் கூலி கேட்கவும் தமிழ் பேசுகின்றார்கள். எந்தச் சரஸ்வதி வந்து அவர்கள் நாக்கில் எழுதினாள்? வயிறு எழுதிற்று, பழக்கம் எழுதிற்று.

"சுயமரியாதைக்காரர்கள் தமிழைவிட்டு இங்கிலீஷுக்குப் பரிந்து பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலீஷ் நமக்குத் தாயுமல்ல, தெய்வமுமல்ல, ஒரு கருவி. கருவி இல்லாதவனை இகழ்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அந்தக் கருவியை அவன் கைக்கு எட்டாமல் வைப்பது. இங்கிலீஷ் தெரியாததனால் ஒருவனுக்கு அறிவில்லை என்று ஆகிவிடாது. மேலே சொன்ன இராமானுஜனே கும்பகோணம் காலேஜில் இங்கிலீஷில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தவர்தான். சில வருஷங்களே பள்ளிக்குப் போன ஈ.வெ.ரா., 1931 டிசம்பரில் கப்பலேறி, எஸ். இராமநாதனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளையெல்லாம் பார்த்து, 1932 நவம்பரில் திரும்பினார். விசாவுக்காக அவர் எந்தச் சாமியையும் சுற்றவில்லை. பார்த்ததையெல்லாம் நம் பாஷையில் நமக்குச் சொன்னார். அதுபோல நம் பிள்ளைகளும் போகட்டும், கற்கட்டும், கொண்டுவரட்டும்.

மற்றொரு கூட்டத்தாரையும் இங்கே மறக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஈழத்தமிழர் அகதிகள் முகாம் இருக்கின்றது. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, நல்ல மார்க்கு வாங்கின பிள்ளைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டு கிடைப்பதில்லை. ஏனென்றால் 1987 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, இந்நாட்டில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியாயிருக்க வேண்டும் என்பது சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட்டு கொடுக்கும்படி 2022இல் மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்தரவிட்டது. கொடுக்க வைத்தது கோர்ட்டு, பிள்ளையார் அல்ல. இந்துக்களைக் காப்பதற்கென்று சொல்லி 2019இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானத்தோடு நின்றுவிட்டது. முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களாயிருந்தும் அது அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்து என்ற பட்டம் வரி கொடுக்கவும் தேர் இழுக்கவும் உதவுமே தவிர, பாஸ்போர்ட்டுக்கு உதவாது என்பதை அந்தத் தோழர்கள் உணர வேண்டும்.

முடிவாக, செய்ய வேண்டியது என்ன? அமெரிக்காவில் வாரம் 18 மணி நேரம் நடக்கிற அதே வகுப்பை இங்கே நடத்த எது தடை? பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கின்றது. திருத்தணியில் சுப்பிரமணியசுவாமி பெயரிலேயே அரசுக் கல்லூரி இருக்கின்றது. கோடை விடுமுறையிலும் மாலை வேளையிலும் அங்கே கட்டிடங்கள் சும்மாவே கிடக்கின்றன. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பொதுக்காரியத்திற்குச் செலவிட வேண்டும். நம் நிலத்தையும், நீரையும், காற்றையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புகையைக் கொடுக்கிற ஆலைகள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை இந்த வகுப்புக்குத் தரட்டும். கோயில் பணத்தில் கல்லூரி நடத்தலாம் என்பதற்கு 2021இல் கொளத்தூரில் கபாலீசுவரர் பெயரால் திறந்த கல்லூரியே வழிகாட்டியாயிருக்கின்றது. சிறுவாபுரி உண்டியலும் பெரியபாளையம் உண்டியலும் இங்கிலீஷ் உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுத்தால், அந்தச் சாமிகள் செய்த முதல் உபகாரமாக அது இருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடித் தோழர்களுக்குத் தாட்கோ மூலம் அயல்நாட்டு இங்கிலீஷ் பரீட்சைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்திருப்பது நல்ல காரியம். அதைச் சென்னையோடு நிறுத்தாமல் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வரை கொண்டுவர வேண்டும். முகாம் பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும்.

கவரப்பேட்டைத் தோழருக்கு நாம் சொன்ன பதிலையே வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம். மனையை வைக்க வேண்டாம். பையன் ஒரு வருஷம் இங்கேயே தினம் மூன்று மணி நேரம் இங்கிலீஷ் கேட்டு, பேசி, எழுதிப் பழகட்டும். தவறாகப் பேசினால் சிரிக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பரீட்சையில் தேறினால் உபகாரச் சம்பளத்திற்கு எழுதிப் போட்டுப் பட்டப்படிப்புக்கே நேராகப் போகட்டும். தேறாவிட்டால் மனையாவது மிஞ்சும். கோயிலுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல அகராதி வாங்கிக் கொடுங்கள்.